எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம்!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "எங்காவது கூட்டிப் போங்கள்" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தைப்பூசம் என்றாலோ கேட்கவே வேண்டாம். பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை என்று குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிடுகிறோம். பஸ் கட்டணத்தை எண்ணி எடுத்து வைக்கிறோம். வழியில் சாப்பிடும் செலவை எண்ணிப் பார்க்கிறோமா?

சிறு வயதில் எங்கள் குடும்பம் பட்டணத்துக்குப் போயிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. விலை கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று அப்பா கேட்கவில்லை. எங்கள் தட்டுகளில் இறாலும் மீனும் விழுந்தன. அம்மா மட்டும், "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று ஒரு தேநீரோடு நிறுத்திக்கொண்டார். கணக்கு வந்ததும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. வீடு திரும்ப வைத்திருந்த பணத்தில் கை வைக்க வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு ஏன் பசியில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

உங்கள் வீட்டில் இப்படி நடக்கலாமா? நடக்கக் கூடாது. அதற்குச் சில வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, காலைப் பசியாறலை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். நம் பாட்டிமார் கட்டிக் கொடுத்த புளிச்சோறு இன்றும் கைகொடுக்கும். நன்றாக ஆறிய பிறகே வாழையிலையில் கட்டுங்கள். மதியத்துக்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த சோறும் கறியும் சீக்கிரம் கெட்டுவிடும். பயணத்துக்கு அவை வேண்டாம். குடிநீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். ஐந்து பேருக்கு ஐந்து கிளாஸ் ஐஸ் தண்ணீர்ப் பானம் வாங்கினால், அந்தக் காசில் இன்னொருவர் சாப்பிட்டுவிடலாம்.

இரண்டாவது, விலையை முதலில் கேளுங்கள். நாசி சம்போர், நாசி கண்டார் கடைகளில் தட்டைப் பார்த்துத்தான் பெரும்பாலும் விலை சொல்வார்கள். இறால், கணவாய், பெரிய மீன்துண்டு ஆகியவைதாம் விலையை ஏற்றிவிடுபவை. சோறு, ஒரு காய், ஒரு முட்டை அல்லது கோழித்துண்டு என்று எடுத்தால் வயிறும் நிறையும், கையும் கடிக்காது. எடுப்பதற்கு முன், "இனி பெராப்பா?" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? 'டாகிங்' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. அது சாப்பிடாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் சோறும் காய்கறியும் ரசமும் மறுபடி கேட்டால் போடுவது வழக்கம். கோழியும் ஆட்டிறைச்சியும் மீனும் தனிக் கணக்கு. நல்ல பசியோடு வருபவர்களுக்கு இது லாபமான சாப்பாடு.

மூன்றாவது, அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் 'மெனு ரஹ்மா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சோறு, காய், மீன் அல்லது கோழி போன்ற ஒன்று எல்லாம் சேர்ந்து 5 வெள்ளிக்கு மேற்படாமல் கொடுப்பது அதன் நோக்கம். எல்லாக் கடைகளும் அதில் சேரவில்லை. ஆனாலும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

கடைகள் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். பட்டியல் இல்லாத கடையைக் கண்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். அநியாய விலை வாங்கினார்கள் என்று தோன்றினால், ரசீதைப் பத்திரப்படுத்தி உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கொள்ளை லாபத்தைத் தடுக்க 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

தைப்பூச நாளில் தண்ணீர்ப்பந்தல்களில் அன்னதானம் நடக்கும். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவதில் குறைவொன்றுமில்லை. பிரசாதமாக நினைத்து, வீணாக்காமல் சாப்பிடுங்கள்.

தாய்மார்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. சிக்கனம் என்பது நீங்கள் பட்டினி கிடப்பதல்ல. புறப்படும் முன்பே சாப்பாட்டுப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் உங்கள் பங்கும் இருக்கட்டும். தகப்பன்மார்களே, வீட்டுக்காரி "எனக்குப் பசியில்லை" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். அவருக்கும் ஒரு தட்டு சொல்லுங்கள்!