ஹஸ்மோனிய அரசரின் வெண்கலக் காசு

யூதேயா, கி.மு. 103–76

எருசலேமை ஆண்ட அலெக்சாந்தர் யன்னாய் வெளியிட்ட சிறு காசு இது. சந்தையில் அன்றாடச் சில்லறையாகப் புழங்கியது.

ஒரு பக்கம் நங்கூரம். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் ‘அலெக்சாந்தர் அரசருடையது’. மறுபக்கம் எட்டுக் கதிர் விண்மீன். கதிர்களின் இடையே பழைய எபிரேய எழுத்தில் ‘யோனத்தான் அரசர்’. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன. யோனத்தான் என்பதன் சுருக்கமே யன்னாய். நங்கூரம், முன்பு அந்நாட்டை ஆண்ட செலூக்கிய அரசர்களின் சின்னம். அரசரின் முகம் காசில் இல்லை. உருவம் பொறிப்பதை யூத மரபு தவிர்த்தது.

செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கு யூத வழிபாட்டைத் தடை செய்தபோது, கி.மு. 167-இல் குரு மத்தத்தியாவும் அவருடைய ஐந்து புதல்வர்களும் கிளர்ந்தெழுந்தனர். கி.மு. 164-இல் எருசலேம் ஆலயம் மீண்டும் தூய்மையாக்கப்பட்டது. ஹனுக்கா விழா கொண்டாடுவது அந்த நாளையே. அக்குடும்பத்தின் வழிவந்தவர்கள் தலைமைக் குருக்களாகவும் பின்னர் அரசர்களாகவும் ஆண்டனர்.

இம்மரபை எபிரேயத்தில் ‘ஹஷ்மொனாயிம்’ என்பர். வரலாற்றாசிரியர் யோசேப்பு கிரேக்கத்தில் ‘அசமொனாயோஸ்’ என்று எழுதி, அதை மத்தத்தியாவின் மூதாதை ஒருவரின் பெயராகக் குறிக்கிறார். கிரேக்கத்தில் ‘ஹ’ ஒலிக்குத் தனி எழுத்தில்லை, ‘ஷ’ ஒலியே இல்லை. அதனால் பெயர் இவ்வளவு மாறியது. தமிழ்க் கத்தோலிக்க விவிலியம் வழங்கும் ‘மக்கபேயர்’ என்ற பெயரோ மத்தத்தியாவின் மகன் யூதாவின் பட்டப்பெயரிலிருந்து வந்தது.

கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றினார். கி.மு. 37-இல் ஏரோது அரியணை ஏறியதோடு ஹஸ்மோனியர் ஆட்சி முடிந்தது.