எண்பதைத் தொட்டா கார் ஏன் நடுங்குது?



"புது டயர் மாட்டியாச்சு, காசும் கொடுத்தாச்சு. ஊருக்குள்ள வண்டி நல்லாத்தான் ஓடுது. பைபாஸ்ல 80-ஐத் தொட்டா ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆடுது. 110-ல போனா நின்னுடுது!" கார் வைத்திருக்கும் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது? இதற்கு விடை நம்ம இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. வாங்க, பார்ப்போம்.

20 கிராம் பண்ணுற வேலை

டயரும் ரிம்மும் சுற்றிலும் ஒரே சீரான எடையோடு இருப்பதில்லை. எந்தப் பக்கம் எடை குறைவோ அந்தப் பக்கம் ரிம்மின் ஓரத்தில் சின்ன எடைக்கட்டிகளைப் பொருத்துவார்கள். இதுதான் வீல் பேலன்சிங். பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றி வேறு நிலையில் மாட்டினாலோ, ஒரு கட்டி விழுந்துவிட்டாலோ இந்தக் கணக்கு தப்பிவிடும்.

தப்பினால் என்ன ஆகும்? 14 அங்குல ரிம்மில் 20 கிராம் மட்டும் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 90 கி.மீ. வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்குச் சுமார் 13 சுற்று சுற்றும். அப்போது அந்த 20 கிராம் ஏறக்குறைய 25 நியூட்டன் விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும். இரண்டரைக் கிலோ எடையைக் கட்டி இழுப்பது போல! அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று திசை மாறிக்கொண்டே இருக்கும். 30 கி.மீ. வேகத்தில் இந்த விசை ஒன்பதில் ஒரு பங்குதான். அதனால்தான் ஊருக்குள்ள ஒண்ணும் தெரியறதில்லை.

ஊஞ்சலும் சக்கரமும்

சரி, 110-ல் விசை இன்னும் அதிகம்தானே, நடுக்கம் ஏன் குறையுது? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது வந்து போகும் நேரத்துக்குச் சரியாகத் தள்ளினால் சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு.

காரின் சக்கரமும் அதைத் தாங்கும் ஸ்பிரிங், ஸ்டீயரிங் பாகங்களும் ஒரு ஊஞ்சல் மாதிரிதான். நொடிக்கு 10 முதல் 15 முறை வரை ஆடுவது அவற்றின் இயல்பு. சக்கரம் சுற்றும் வேகம் அதோடு ஒத்துப்போகும் இடம்தான் பெரும்பாலும் 80-க்கும் 110-க்கும் நடுவில் வருகிறது. அதைத் தாண்டினால் நடுக்கம் மறையும், ஆனால் கோளாறு மறையாது. "வேகமா போனா சரியாயிடும்" என்று ஓட்டுவது ஆபத்து!

கேட்க வேண்டிய கேள்விகள்

1. எங்கே நடுங்குது? ஸ்டீயரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் என்றால் பின்சக்கரம். முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டு, நடுக்கமும் இடம் மாறினால் திருடன் அகப்பட்டான்!

2. எப்போது நடுங்குது? பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் என்றால் சக்கரத்தைச் சுற்றும் தண்டைப் பார்க்க வேண்டும்.

3. மெதுவாகப் போகும்போதே ஆடுதா? டயர் வீங்கியிருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம். இதற்குப் பேலன்சிங் மட்டும் போதாது.

4. புதிதாக ஆட்டம் வந்து, கூடவே 'டக் டக்' சத்தமும் கேட்குதா? உடனே ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். வீல் நட்டு லூசாக இருக்கலாம். அப்படியே ஓட்டினால் சக்கரமே கழன்று ஓடிவிடும். மற்ற எதையும்விட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சில இடங்களில் எந்த நடுக்கத்துக்கும் "அலைன்மென்ட் பண்ணணும் சார்" என்பார்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோதான் அது. இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இழுத்தால் அலைன்மென்ட், நடுங்கினால் பேலன்சிங்!

டயர் மாட்டும்போது கவனிக்க

✽ கழற்றும் முன் காற்றடைக்கும் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அதே டயரை மறுபடி மாட்டும்போது கோடும் வால்வும் நேராக வர வேண்டும்.

✽ ரிம்மில் ஒட்டிய சேறு, பின்பக்கத் துரு எல்லாம் சுத்தமாகப் போக வேண்டும். அதுவும் எடைதான்.

✽ பேலன்சிங் மெஷினில் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டுக்கும் 0 வந்ததா என்று பாருங்கள்.

✽ நட்டுகளை வரிசையாக முடுக்கக் கூடாது, எதிரெதிராக முடுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தை மெல்லச் சுற்றிவிடுங்கள். நிற்கும்போது எந்தப் பக்கம் கீழே வருகிறது? திரும்பத் திரும்ப அதே பக்கம் வந்தால் அதுதான் எடை கூடிய பக்கம். அதற்கு நேர் எதிரே கம்பியில் கொஞ்சம் களிமண்ணை அப்பி, சக்கரம் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்படி செய்துவிட்டால் பேலன்சிங் முடிந்தது! (சுற்றும் கம்பிகளுக்குள் விரலை விடாதீர்கள்.)

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா, மாமா, பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் யாராவது வண்டி நடுங்குதுன்னு சொன்னா, முதல்ல கேளுங்க: "வீல் நட்டு பார்த்தீங்களா?"