மலை மேல் சைக்கிள் மணி!
காலை பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும்

எவரெஸ்ட் சிகரத்தை 1953-ம் ஆண்டில் வென்ற கோஷ்டியினர் முன்னதாகப் பயிற்சி பெற்ற மலைகள், பிரிட்டனின் வேல்ஸ் பிரதேசத்தில் உள்ளன. அவற்றுள் மிக உயர்ந்தது ஸ்நோடன். உயரம் 1,085 மீட்டர். இந்த மலைக்கு ஆண்டுதோறும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். காலில் வலுவில்லாதவர்களுக்கு 1896-ம் ஆண்டிலேயே ரயில் விட்டுவிட்டார்கள்!

இத்தனை கூட்டத்துக்கு நடுவே சைக்கிளும் போகிறது. ஏறும்போது அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை; மூச்சிரைக்க ஏறுகிறவனால் யாரை இடிக்க முடியும்? இறங்கும்போதுதான் வம்பு. வளைவுக்கு அப்பால் குழந்தையைக் கைப்பிடித்து நடத்தி வருகிறவருக்கு, சைக்கிள் வருவது அருகில் வந்த பிறகுதான் தெரியும்.

அப்படியானால் தடுத்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். அங்கேதான் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் விட 1968-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. வெறும் நடைபாதைகளில் இந்த உரிமை கிடையாது. சட்டம் செய்தவர்கள் மனத்தில் இருந்தது சாதாரண சைக்கிள். பாறை மேல் ஓடும் தடித்த டயர் சைக்கிள், அதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அமெரிக்காவின் காலிபோர்னியாவில் பிறந்தது.

உரிமை தந்த சட்டமே இரண்டு கொக்கிகளையும் போட்டிருக்கிறது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது ஒன்று. உள்ளூர் நிர்வாகம் விதி செய்து இந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கொக்கிதான் சைக்கிள்காரர்களின் தலைமேல் தொங்கும் கத்தி.

ஸ்நோடனில் அந்தக் கத்தி இறங்காமல் இருக்க ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை உச்சிக்குச் செல்லும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் கூடாது. லான்பெரிஸ் பாதை, ஸ்நோடன் ரேஞ்சர் பாதை ஆகியவை இதில் அடங்கும். மீறினால் அபராதம் உண்டா? இல்லை. சைக்கிள்காரர்களின் வாக்குறுதி ஒன்றே காவல். நாலு பேர் விளையாட்டாக மீறினாலும், உரிமை இழப்பது எல்லோரும்தான்.

நஷ்டம் ஒன்றும் பிரமாதமில்லை. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

நேரம் பார்த்து வருவது மட்டும் போதாது. பிரேக்கை அழுத்தி டயரைத் தேய்த்துக்கொண்டு இறங்கினால் மண்ணில் பள்ளம் விழும். அடுத்த மழையில் அது வாய்க்கால் ஆகும். சேற்றுக்கு அஞ்சி ஒதுங்கிப் போனால் புல் அழிந்து பாதை அகலும். குதிரை எதிர்ப்பட்டால் நின்று, குரல் கொடுத்துப் பேச வேண்டும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் அணிந்து சப்தமில்லாமல் வருவது மனிதன் என்று குதிரைக்கு எப்படித் தெரியும்?

கோடையில் கெட்டிக்காரர்கள் விடியுமுன்பே விளக்குக் கட்டிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். அவர்கள் இறங்கி அடிவாரம் சேரும் வேளையில், நடப்பவர்கள் பூட்ஸ் வாரை இறுக்கிக்கொண்டு புறப்படுகிறார்கள்.