ஒன்பது வந்தால் என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் சேர்ப்பது நூறாண்டைத் தாண்டிய வழக்கம். நெடுங்காலம் அவை வெறும் அட்டைகளாகவே இருந்தன. 1993-இல் டாப்ஸ் நிறுவனம் ‘ஃபைனஸ்ட்’ என்ற பேஸ்பால் வரிசையை வெளியிட்டது. உலோகத் தகடு போல மின்னிய அந்தக் கார்டுகளில் ‘ரிஃப்ராக்டர்’ எனப்பட்ட சிலவற்றைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறங்கள் ஓடின. 18 பாக்கெட்டுகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அவை கிடைத்தன; ஒவ்வொரு வீரருக்கும் சுமார் 241 மட்டுமே அச்சானதாகச் சேகரிப்பாளர்கள் கணிக்கிறார்கள். பிறகு 1996-இல் டாப்ஸ் குரோம், 2012-இல் பனினி நிறுவனத்தின் பிரிசம் என்று மின்னும் கார்டு பரவலாகிவிட்டது. அப்படி ஒன்று கைக்கு வந்ததும் எழுகிற கேள்வி, இதை கிரேடிங்குக்கு அனுப்பலாமா என்பது. கட்டணம் வாங்கிக்கொண்டு, கார்டின் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிற விதம் ஆகியவற்றைப் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிரந்தரமாக மூடி அனுப்புவதுதான் கிரேடிங். 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. இதில் பெரிய நிறுவனம், பெக்கெட், எஸ்.ஜி.சி. போன்றவையும் உண்டு. அனுப்பலாமா என்று கேட்கிறவர் பெரும்பாலும் 10 கிடைத்தால் என்ன விலை போகும் என்று பார்க்கிறார். 9 கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

மின்னும் கார்டு 9-க்கு இறங்குவது மிக எளிது. சாதாரண அட்டையில் கண்ணுக்கே படாத குறை இதில் பளிச்சென்று தெரியும். அச்சு உருளை விட்டுச்சென்ற மெல்லிய கோடு, ஊசி முனை அளவு குழி, பாக்கெட்டுக்குள் கார்டோடு கார்டு உரசிய கீறல் எல்லாமே மேற்பரப்பில்தான் நிற்கின்றன. அறையின் பொது வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் மினுமினுப்பு அவற்றை மறைத்துவிடும். ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துத் திருப்பினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். கிரேடிங் செய்பவர் அப்படித்தான் பார்க்கிறார். இதில் பல குறைகள் தொழிற்சாலையிலேயே ஏற்படுகின்றன. பாக்கெட்டிலிருந்து எடுத்து நேராக உறைக்குள் போட்டேன், விரல்கூடப் படவில்லை என்று சொல்வதால் அவை மறைந்துவிடுவதில்லை. இன்னொன்று, இந்தக் கார்டின் ஒரு பக்கம் பளபளக்கும் படலம், அடியில் காகித அட்டை. காற்றின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சும், படலம் உறிஞ்சாது. அதனால் கார்டு வில்லாக வளையும். 1990-களின் குரோம் கார்டுகள் சிலவற்றில் காலப்போக்கில் பச்சை நிறம் படர்ந்திருப்பதையும் சேகரிப்பாளர்கள் நன்கு அறிவார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் இரு பக்கத்து ஓரங்களின் அகலம் ஏறத்தாழ 55-க்கு 45 என்ற விகிதத்தைத் தாண்டினால் 10 கைநழுவிப் போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கானவை, உங்கள் கார்டின் உண்மையான விலையை வைத்து இதையே திரும்பப் போடுங்கள். கிரேடிங் செய்யாத கார்டு 40 டாலருக்கு விற்கிறது. 10 வாங்கினால் 120 டாலர், 9 வாங்கினால் 45, 8 வாங்கினால் 30. கிரேடிங் கட்டணம் 25 டாலர், அனுப்பித் திரும்பப் பெறும் செலவு 10 டாலர், விற்கும் தளம் எடுத்துக்கொள்வது 13 சதவீதம். இப்போதே விற்றால் கையில் நிற்பது சுமார் 35 டாலர். 10 வந்தால் செலவெல்லாம் போக 69 டாலர் நிற்கும். 9 வந்தால் வெறும் 4 டாலர். 8 வந்தால் கைக்காசு 9 டாலர் போய்விடும். அதாவது 10 வந்தால் கிடைக்கிற கூடுதல் லாபமும், 9 வந்தால் ஏற்படுகிற இழப்பும் ஏறத்தாழ ஒரே அளவு. பத்துக் கார்டுகளை அனுப்பி ஐந்துக்கு 10, ஐந்துக்கு 9 வந்தால், இப்போதே விற்பதைவிட மொத்தமாகவே 20 டாலர்தான் கூடுதலாக மிஞ்சும். அந்த ஒன்பதுகளில் இரண்டு எட்டாகிவிட்டால் அதுவும் போய்ச் சிறு நஷ்டம். மூன்றில் ஒன்றுக்குத்தான் 10 வரும் என்றால் மூன்று கார்டுக்கு 27 டாலர் நஷ்டம். 120 டாலர் என்கிற எண் கண்ணை நிறைப்பதால் பலர் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்வதே இல்லை.

அந்த 120 டாலரும் உறுதியானதல்ல. எந்தக் கார்டில் எத்தனைக்கு என்ன மதிப்பெண் கொடுத்தோம் என்று நிறுவனங்களே பட்டியல் வெளியிடுகின்றன. கூடைப்பந்து வீரர் லூக்கா டான்சிச்சின் 2018-19 பிரிசம் சாதாரணக் கார்டில் 10 வாங்கியவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லோரும் அனுப்பும்போது ஒவ்வொரு புதிய பத்தும் முந்தைய பத்துகளின் விலையைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது: குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. 2021 மார்ச் இறுதியில் தன் சேவைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவைத்தது. மாதக்கணக்கில் காத்திருந்து பெட்டியைப் பிரித்தவர்கள் விலை சரிந்த சந்தையைத்தான் பார்த்தார்கள். சில நூறு மட்டுமே 10 வாங்கியிருக்கிற 1986 ஃபிளீர் மைக்கேல் ஜோர்டன் கார்டே 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போய், சில மாதங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. அது மின்னும் கார்டுகூட அல்ல, உண்மையிலேயே அரிதானது. ஆயிரக்கணக்கில் பத்து வாங்கிய ஒன்றுக்கு என்ன உத்தரவாதம்?

கிரேடிங் இல்லாமல் முன்பின் தெரியாதவர் எப்படி நம்பி வாங்குவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போலிகளும் ஓரம் வெட்டப்பட்டவையும் நடமாடுகிற சந்தையில் மூன்றாமவர் ஒருவரின் சான்றுக்கு மதிப்பு உண்டு, விற்பனையும் விரைவாக நடக்கும். ஆனால் அந்தச் சான்று நகையின் ஹால்மார்க் போன்றதல்ல. தங்கத்தின் தூய்மையைக் கருவி அளந்து சொல்லிவிடும். கார்டின் மதிப்பெண் பழகிய கண்ணின் தீர்ப்பு. அதே கார்டைப் பெட்டியை உடைத்து மறுபடி அனுப்பி வேறு மதிப்பெண் வாங்குகிறவர்கள் உண்டு. பி.எஸ்.ஏ. முதன்முதலாக மதிப்பெண் இட்ட கார்டு 1909-11 காலத்துப் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. அதற்குக் கிடைத்தது 8. அந்தக் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். கிரேடிங் பயனற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 40 டாலர் கார்டுக்கு 35 டாலர் செலவழித்து வாங்குகிற நம்பிக்கையின் அளவு என்ன என்பதை இது காட்டுகிறது. பாதுகாப்புக்காக என்றால் பதில் இன்னும் எளிது: மெல்லிய பிளாஸ்டிக் உறையும் காந்த மூடிப் பெட்டியும் அந்தச் செலவில் சிறு பங்குக்குக் கிடைத்துவிடும்.

அப்படியானால் யார் அனுப்பலாம்? 9 வாங்கினாலும் செலவைத் தாண்டி நிற்கிற கார்டை வைத்திருப்பவர். 1993 ரிஃப்ராக்டர்கள், கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டின் 1996-97 டாப்ஸ் குரோம் ரிஃப்ராக்டர், எண்ணிக்கை அச்சிட்டு மிகக் குறைவாக வெளியான கையெழுத்துக் கார்டுகள் இந்த வகை. பேஸ்பால் வீரர் மைக் ட்ரவுட்டின் 2009 போமன் குரோம் ‘சூப்பர்ஃபிராக்டர்’ உலகத்திலேயே ஒன்றுதான். 2020 ஆகஸ்டில் அது 39 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பெக்கெட் அதற்குக் கொடுத்திருந்த மதிப்பெண் 9. அரிதான கார்டுக்கு 9 ஒரு குறையே அல்ல. மலிந்த கார்டின் மதிப்பு முழுவதும் 10 என்ற ஒற்றை எண்ணில் தொங்குகிறது.

அனுப்ப முடிவெடுத்தவர்கள், அதே கார்டு 9 மதிப்பெண்ணோடு அண்மையில் உண்மையாகவே விற்ற விலையைப் பாருங்கள். விற்பவர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். ஒற்றை விளக்கில் இரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகையை மென்துணியால் மெல்ல ஒற்றியெடுக்கலாம். பாலிஷோ இரசாயனமோ தொடவே கூடாது, கண்டுபிடித்தால் மதிப்பெண்ணே கிடைக்காது. கார்டின் மதிப்பு கூடக்கூடக் கட்டணமும் கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பிள்ளைகள் சேர்த்துவைத்த மின்னும் கார்டுகளைக் கட்டுக் கட்டாக அனுப்பத் துடிக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள், அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். 9-இன் விலை செலவைத் தாண்டாத கார்டு உறைக்குள்ளேயே இருக்கட்டும்.