அமெரிக்க மாட்டு டாக்டரின் வரவு செலவு

கால்நடை மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலருக்கு அமெரிக்கா போகும் ஆசை இருக்கிறது. பெற்றோர் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2023 மே மாதத்தில் கால்நடை மருத்துவரின் ஆண்டுச் சம்பளம் 1,19,100 டாலர். இது நடு அளவு. பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. உடனே ரூபாயில் பெருக்கிடாதீங்க. செலவும் டாலரில்தான்.

வங்கியில் கடன் மனு பார்த்துப் பழகிய எனக்கு, வரவைப் பார்த்ததும் கண் கடன் பக்கம் போய்விடும். அங்கே பெரும்பாலும் நான்கு வருஷம் கல்லூரி முடித்து, பிறகு நான்கு வருஷம் கால்நடை மருத்துவம் படிக்கிறார்கள். கடன் வாங்கிப் படித்தவர்களின் சராசரிக் கடன் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஒன்றரை லட்சத்தையே 7 சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் அடைக்கணும்னா, மாதத் தவணை சுமார் 1,740 டாலர். வருஷத்துக்கு ஏறக்குறைய 21,000. வரி போக மிச்சத்தில்தான் இதைக் கட்டணும்.

இந்தத் தவணைதான் இளம் டாக்டர்களை நாய், பூனை பக்கம் தள்ளுகிறது. நகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனையில் தொடக்கச் சம்பளம் பொதுவாகக் கூடுதல். அதைவிடப் பெரிசு ராத்திரித் தூக்கம். நகரங்களில் ராத்திரி அவசரத்துக்கென்றே தனி மருத்துவமனைகள் இருக்கின்றன. பகல் டாக்டர் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். கிராமத்தில் அந்த வசதி கிடையாது. கன்று திரும்பி மாட்டிக்கிட்டு பசு முக்கிக்கொண்டிருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கும் அதே டாக்டர்தான் பனியில் வண்டி ஓட்டிப் போகணும். விடிந்தால் வழக்கமான வேலை காத்திருக்கும். குதிரை மருத்துவத்தில் நிலைமை இன்னும் மோசம். புதிதாகச் சேர்பவர்களில் பாதிப் பேர் ஐந்து வருஷத்துக்குள் விலகிவிடுவதாக அந்த மருத்துவர் சங்கமே சொல்கிறது.

மனசும் தாங்கணுமே. 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால், தற்கொலையால் இறந்தோர் பங்கு ஆண் மருத்துவர்களில் 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு. நல்ல சம்பளம் வாங்கும் தொழிலில் இந்த நிலை.

இதனால் அடிபடுவது மாடு வளர்ப்பவர்தான். முன்பு தீவனக் கடையிலேயே பென்சிலின் கிடைத்தது. 2023 ஜூன் முதல், மனிதருக்கும் முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கால்நடைக்கு வாங்க டாக்டர் சீட்டு வேண்டும். நல்ல விதிதான், நானும் வரவேற்கிறேன். ஆனால் சீட்டு எழுத ஆள் வேணுமே! அங்குள்ள இயற்கைப் பண்ணைக்காரருக்கு இரட்டைச் சிக்கல். அந்த மருந்து கொடுத்த மாட்டின் பாலை இயற்கைப் பால் என்று விற்க முடியாது. முத்திரை போய்விடுமே என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கவும் விதி இடம் தராது. மடிநோயை ஆரம்பத்திலேயே பார்க்கும் டாக்டர் அவருக்குத்தான் அதிகம் தேவை.

அரசு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்தால், படிப்புக் கடனில் ஒரு பகுதியை வேளாண்மைத் துறையே அடைக்கும். 2010இல் வழங்கத் தொடங்கியபோது வருஷத்துக்கு 25,000 டாலர் வரை. பணம் டாக்டர் கைக்குப் போகாமல் நேரே கடன் கணக்குக்குப் போகும். பழைய வங்கிக்காரனுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. ஆனால் கடன்தான் குறையும், ராத்திரி அழைப்பு குறையாது.

நம் பிள்ளைகள் அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படித்திருந்தால் அந்தப் பெரிய கடன் தலையில் இல்லை. அது நல்ல பலம். ஆனால் நம் பட்டம் அங்கே நேரடியாகச் செல்லாது. ஆங்கிலத் தேர்வு, பாடத் தேர்வு, கையால் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு, அப்புறம் 'நேவ்லே' என்ற உரிமத் தேர்வு என்று பணமும் வருஷமும் போகும். வேலை கிடைத்ததும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்க. வாரத்தில் எத்தனை ராத்திரி அழைப்பு, அதற்குத் தனிப் படி உண்டா என்று கேட்கணும். வசூலில் இத்தனை சதவீதம் என்று சம்பளம் பேசினால், ஒரு மாதம் வசூல் குறைந்தால் அந்தத் துண்டை அடுத்த மாதக் கணக்கில் பிடிப்பார்களா என்றும் கேட்கணும். பிடிக்கும் இடங்கள் அங்கே உண்டு.