பயமும் பாங்கும்

பணத்தை அரிசிப் பானையில் ஒளித்து வைக்கும் பாட்டியைக் கண்டு சிரிப்பது சுலபம். ஆனால் அந்தப் பயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1906-ம் வருஷம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு மூழ்கிப் போயிற்று. மறு வருஷமே வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலிய பிரமுகர்கள் முயன்று இந்தியன் பாங்கைத் தோற்றுவித்தார்கள். நம்மவர் நடத்தும் பாங்கு என்ற எண்ணமே கலங்கிய மனங்களுக்குத் தெம்பளித்தது.

இன்றோ பாங்கு கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. 2016-ல் யு.பி.ஐ. முறை ஏற்பட்ட பிறகு, கீரை விற்கும் அம்மாளும் கூடையருகில் சதுரக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையை வைத்திருக்கிறார். எனினும் பல வீடுகளில் பெரியவர்கள் அதைத் தொடவே அஞ்சுகிறார்களே, காரணம் என்ன?

மனிதர்கள் புதிய யந்திரத்தை ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் முக்கியம் என்று 1989-ல் பிரெட் டேவிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். ஒன்று, 'இதனால் எனக்குப் பிரயோஜனம் உண்டு' என்பது. மற்றொன்று, 'இது எனக்குச் சிரமமில்லை' என்பது. யந்திரம் உண்மையில் எளிதாயிருந்தால் மட்டும் போதாது. எளிது என்று மனம் ஒப்ப வேண்டும்.

பண விஷயத்தில் மூன்றாவதாக நம்பிக்கையும் வேண்டும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரல் அதை உணர்கிறது. கண்ணாடியைத் தொடும்போது பணம் போனதா, நின்றதா என்று மனம் தத்தளிக்கிறது. கடைகளில் வந்த தொகையை உரக்கச் சொல்லும் சிறு பெட்டி, அந்தத் தத்தளிப்புக்கு நல்ல மருந்து. காசு கலகலவென்று விழும் ஓசையின் ஸ்தானத்தை அது பெற்றுவிட்டது!

பயத்தைவிடப் பெரிய தடை வெட்கம். பேரப் பிள்ளைகள் முன் தவறு செய்யப் பெரியவர்கள் கூசுகிறார்கள். "கொடுங்கள் தாத்தா, நானே அனுப்பிவிடுகிறேன்" என்று இளையவர்கள் கருவியை வாங்கிக்கொள்வதால் அவர்கள் கற்க வழியில்லாமலே போகிறது. பிறகு வீட்டில் தனித்திருக்கும் வேளையில், "பாங்கிலிருந்து பேசுகிறேன்" என்று ஒரு மோசக்காரன் அழைத்தால் ஆயுட்காலச் சேமிப்பே பறிபோகக்கூடும்.

ஆகவே பொறுமையாய்க் கற்றுக் கொடுப்போம். கூடத்திலிருந்து சமையலறையிலுள்ள மருமகளுக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பழகட்டும். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை என்பதை மனத்தில் பதிய வைப்போம். மோசம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கும்படி சொல்லி வைப்போம். கேலியால் பயம் மறைந்ததாகக் கதையில்லை. பழக்கத்தால் மறைவதை நாள்தோறும் காண்கிறோம்.