கட்டிலில் கிடந்தால் நுரையீரல் தேறாது

பலெர்மோ நகரத்துத் தமிழர்களுக்கு மலையேற்றம் புதிதல்ல. பல்லாரோ சந்தையைச் சுற்றிய பழைய தெருக்களில் குடியிருக்கும் ஈழத்தமிழர்கள், சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல், நேர்த்தி வைத்து மொந்தே பெல்லெக்ரினோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்கு ஏறுகிறார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று சிசிலி மக்கள் நம்பும் புனிதர் அவர். மலையின் உயரம் சுமார் 600 மீட்டர்.

நோய் தீர மலையேறும் நாம், வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய், அறுவை செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? "எழும்பாதேங்கோ, படுங்கோ" என்கிறோம். மதுரையிலும் இதே பேச்சுதான், வட்டாரச் சொல் மட்டும் வேறு. இந்த அன்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வலப்பக்க நுரையீரலில் மூன்று மடல்கள், இடப்பக்கத்தில் இரண்டு. கட்டியோடு ஒரு மடலை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது முழு வேலையையும் பார்க்க வேண்டும். விலாவில் வலி. வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியா வரும். கத்தி நன்றாக வேலை செய்த பிறகும் ஆளைச் சாய்ப்பது பல நேரம் இதுதான்.

படியேற்றத்தின் மதிப்பை இத்தாலிய மருத்துவர்களே அளந்து காட்டியிருக்கிறார்கள். அங்கோனா நகரில் 640 நோயாளிகளை அறுவைக்கு முன் படியேற வைத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். 22 மீட்டருக்கு மேல், அதாவது ஆறேழு மாடி ஏறியவர்களைவிட, 12 மீட்டர்கூட ஏற முடியாதவர்களுக்குச் சிக்கல்கள் இரு மடங்கு. இந்தத் திறனைப் பயிற்சியால் கூட்ட முடியும். அறுவைக்கு முன் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. அவை சிறிய ஆய்வுகள், துளை வழி அறுவையில் நோயாளி எப்படியும் சீக்கிரம் எழுந்துவிடுகிறார் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

பரிசோதனைகளுக்கும் அறுவைத் தேதிக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மூன்று வாரம் இந்தப் பயிற்சிக்குப் போதும். வேக நடை, சைக்கிள் மிதித்தல், கைக்கும் காலுக்கும் வலுப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி. மூச்சுப் பயிற்சிக்கென்று கையில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியைப் பாருங்கள். பலரும் அதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. மூச்சை வெளியே விட்டு, குழாயை உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். எழுந்த பந்தைச் சில விநாடி மேலேயே நிறுத்த வேண்டும். அறுவைக்குப் பிறகு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மறுநாளே, மார்புக் குழாயும் பையுமாக வராந்தாவில் நடக்க வேண்டும்.

அந்த மறுநாளில்தான் உறவுகள் குறுக்கே வருகின்றன. பிசியோதெரபிஸ்ட் எழுப்பி உட்காரவைத்தவரை, அவர் நகர்ந்ததும் மகள் படுக்கவைக்கிறாள். தண்ணீர்க் குவளையைக்கூடத் தொட விடுவதில்லை. பலெர்மோவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தமிழர்கள் பலர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருப்பவர்கள். பயிற்சிக்கு விடுப்பு கேட்கத் தயங்குவார்கள். செலவை எண்ணியும் தயங்க வேண்டாம். பொதுச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருக்கும் புற்றுநோயாளிக்கு 048 என்ற கட்டண விலக்கு உண்டு.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு அறுவைத் தேதி குறித்திருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்: "தேதிக்கு முன் என்ன பயிற்சி, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்த வேண்டும்?" பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். பிறகு அவர் பக்கத்தில் நீங்களும் நடங்கள்.